பிகேஜி எரர்ஸை எடுத்துவிட்டு கோ மொழியின் சொந்த வசதிக்கு மாறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் ஒரு சின்ன அறையில் இருந்து நாங்கள் ஐந்து பேர் கோ மொழியில் வேலை செய்கிறோம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடும் இரவு பஸ்களுக்கு இருக்கை பதிகிற மென்பொருள்தான் பிரதான வேலை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் திருநெல்வேலியில் இருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகளும், கிளிநொச்சிப் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் சிலரும் தாங்கள் எழுதிய நிரலைக் கொண்டுவந்து காட்டுவார்கள். கொஞ்ச நாளாக அவர்கள் அதிகம் கேட்பது ஒரு விஷயத்தைப் பற்றித்தான். பழைய நிரலில் எங்கு பார்த்தாலும் கிடக்கும் பிகேஜி எரர்ஸ் என்ற லைப்ரரியை எடுத்துவிட்டு, மொழியோடு வருகிற பிழை வசதிக்கு எப்படி மாறுவது? ஒவ்வொரு கிழமையும் வாயால் சொல்வதை விட ஒருமுறை எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கட்டளைப் பெயர்களை நாங்கள் உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

பிகேஜி எரர்ஸ் எதற்காக வந்தது?

கோ மொழியில் பிழை என்பது ஒரு சாதாரண மதிப்பு. ஃபங்ஷன் தன் விடையோடு பிழையையும் சேர்த்துத் திருப்பித் தரும். பிழை இல்லாவிட்டால் அதன் இடத்தில் நில், அதாவது வெறுமை, வரும். கூப்பிட்டவர் அது நில்லா இல்லையா என்று பார்க்க வேண்டும். இது நேர்மையான முறை, எனக்குப் பிடித்த முறையும் கூட. ஆனால் தொடக்க காலத்தில் அதில் ஒரு பெரிய குறை இருந்தது. அடியில் தரவுத்தளத்திடம் இருந்து "இணைப்பு அறுந்தது" என்று வந்த பிழை, ஆறேழு ஃபங்ஷன்களைத் தாண்டி மேலே வந்து லொக்கில் (நிரல் தன் நடப்பை எழுதி வைக்கும் பதிவேட்டில்) ஒற்றை வரியாக விழும். எந்த பஸ், எந்த இருக்கை, எந்த வழியால் வந்தது என்று ஒன்றும் தெரியாது. வழியில் யாராவது விவரம் சேர்த்துப் புதுப் பிழையாக எழுதினால், பழைய பிழை அதற்குள் வெறும் எழுத்தாகக் கரைந்துவிடும். பிறகு "இது அந்தப் பிழைதானா" என்று கேட்டு அறிய வழியில்லை.

பருத்தித்துறையில் இருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் பார்சல் போடுவதை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கைமாறும்போது ஒரு துண்டு ஒட்டுவார்கள், கொழும்பில் இறக்கும்போது இன்னொன்று. மேலே எத்தனை துண்டு ஒட்டினாலும் உள்ளே இருக்கும் சாமான் அப்படியே இருக்கும். டேவ் செனி எழுதிய பிகேஜி எரர்ஸ் அதைத்தான் செய்தது. ராப் என்ற ஃபங்ஷன் பிழையின் மேல் ஒரு விளக்கத்தை ஒட்டும், அந்த இடத்தின் ஸ்டாக் ட்ரேஸையும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்கே வந்தது என்ற பட்டியலையும்) சேர்த்து வைக்கும். கோஸ் என்ற ஃபங்ஷன் எல்லாத் துண்டையும் உரித்து அடியில் இருக்கும் மூலப் பிழையைத் தரும். 2016 அளவில் அது பரவத் தொடங்கியது. அப்புறம் அது இல்லாத கோ திட்டத்தைக் காண்பதே அரிது என்ற நிலை வந்தது.

அது செத்துவிட்டதா? இன்றைக்கே மாற்ற வேண்டுமா?

கோ 1.13 பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தபோது, ஒட்டுகிற வசதி மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. பிகேஜி எரர்ஸின் கடைசிப் பதிப்பு 0.9.1, அது 2020 ஜனவரியில் வந்தது. 2021 டிசம்பர் 1 அன்று கிட்ஹப்பில் அந்தக் களஞ்சியத்தை வாசிக்க மட்டும் முடிகிற மாதிரிப் பூட்டிவிட்டார்கள். இனி அங்கே திருத்தம் வராது.

ஆனால் பூட்டியதால் உங்கள் நிரல் ஓடாமல் போகாது. கோ 1 இன் பழைய நிரல் புதுப் பதிப்பிலும் ஓடும் என்று கோ குழு கொடுத்த வாக்கு இன்றைக்கும் நிற்கிறது. ஆகவே நித்திரையை விட்டு மாற்ற வேண்டிய அவசரம் இல்லை. புதிதாக எழுதும் நிரலில் மட்டும் இன்றைக்கே அதை நிறுத்துங்கள். பழையதை ஆறுதலாக, ஒரு பேக்கேஜ் (நிரலின் ஒரு தொகுதி) முடிந்து அடுத்தது என்று மாற்றலாம். நாங்கள் மாற்றியதற்குப் பெரிய காரணம், எங்களிடம் வேலை பழக வரும் பிள்ளைகள் ஒரே நிரலில் இரண்டு பழக்கத்தைக் கண்டு குழம்பியதுதான்.

மொழிக்குள்ளேயே இப்போது என்னென்ன இருக்கிறது?

ஒட்டுவதற்கு எஃப்எம்டி.எரர்எஃப். அதில் %டபிள்யூ என்ற குறியை வைத்தால் உள்ளே இருக்கும் பிழை கரையாமல் சங்கிலியாகத் தொங்கும். தேடுவதற்கு எரர்ஸ்.இஸ், எரர்ஸ்.ஆஸ். ஒரு படி மட்டும் உரிக்க எரர்ஸ்.அன்ராப். %டபிள்யூ, இஸ், ஆஸ், அன்ராப் நான்கும் 1.13 இல் வந்தவை. 2023 பெப்ரவரியில் வந்த 1.20 இல், பல பிழைகளை ஒன்றாகக் கட்டும் எரர்ஸ்.ஜொயினும், ஒரே எரர்எஃப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட %டபிள்யூ வைக்கிற வசதியும் சேர்ந்தன. நாளாந்த வேலைக்கு இவ்வளவும் காணும்.

ராப் இருக்கும் இடமெல்லாம் எரர்எஃப் என்று மாற்றினால் சரிதானே?

இந்தப் பதிலை வடிவாக வாசியுங்கள். நாங்கள் விழுந்த கிடங்கு இதுதான்.

பிகேஜி எரர்ஸின் ராப்புக்கு நில்லைக் கொடுத்தால் அது நில்லையே திருப்பித் தரும். "பிழை இல்லையா, சரி, ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடும். அதை நம்பிப் பலர் ஃபங்ஷனின் கடைசி வரியில் நிபந்தனை ஒன்றும் பார்க்காமல், வந்ததை ராப்புக்குள் போட்டு அப்படியே திருப்பி அனுப்புவார்கள். எரர்எஃப் அப்படி நடக்காது. நில்லைக் கொடுத்தாலும் அதைச் சுற்றி ஒரு புதுப் பிழையைச் செய்து தந்துவிடும். வெற்றியில் முடிந்த வேலை தோல்வியாக மேலே போகும்.

எங்கள் நிரலில் இருக்கைப் பதிவின் கடைசி வரி இப்படித்தான் இருந்தது: தரவுத்தளப் பரிவர்த்தனையை கொமிட் செய் (நிரந்தரமாக்கு), அது தருவதை "பதிவை உறுதிசெய்ய" என்ற விளக்கத்தோடு ராப் செய்து திருப்பி அனுப்பு. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, தேடி மாற்றும் கட்டளை ஒன்றால் எல்லா ராப்பையும் எரர்எஃப் ஆக்கினோம். நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எழுதியிருக்கவில்லை. திருவிழா 25 நாள், கொழும்பில் இருந்து வருகிற சனம் நெருக்கியடித்துப் பதிகிற காலம் அது. ஒருவர் இருக்கை பதிந்தால் தரவுத்தளத்தில் அது வடிவாகப் பதிந்தது, ஆனால் திரையில் "பதிவு தோல்வி" என்று காட்டியது. அவர் திருப்பி அமத்தினார், அடுத்த இருக்கையும் அவருடைய பெயரில் போனது. இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பஸ்ஸின் பாதி, ஒரே ஆட்களின் பெயரில் இரட்டை இரட்டையாக நிரம்பியிருந்தது. பழைய பதிப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்துச் சரி செய்தோம். பஸ்காரரிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டோம்.

லொக்கைத் திறந்து பார்த்தபோது உண்மை அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, டபிள்யூ, அடைப்புக்குள் நில். எரர்எஃப்புக்கு நில் போனால் அது இப்படித்தான் எழுதும். மாற்றம் செய்கிற நாட்களில் உங்கள் லொக்கில் இந்தக் கோலத்தைத் தேடுகிற ஒரு எச்சரிக்கையை வைத்துவிடுங்கள்.

திருத்தம் எளிது. பிழை நில் இல்லை என்றால் மட்டும் எரர்எஃப்பால் ஒட்டித் திருப்பு, இல்லாவிட்டால் நில்லைத் திருப்பு. ஒரு வரி நாலு வரியாகும். நில்லைப் பார்க்கிற உதவி ஃபங்ஷன் ஒன்றை எழுதி வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. அது பழைய ராப்பை வேறு பெயரில் திருப்பிக் கொண்டுவருவது. வெற்றி எந்த வரியில், தோல்வி எந்த வரியில் என்று வாசிப்பவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அப்படியென்றால் எதில் தொடங்குவது?

கோஸில் தொடங்குங்கள். ராப்பைத் தொடுவதற்கு முதல் கோஸ் முழுவதும் போய்விட வேண்டும்.

காரணம் இது. பிகேஜி எரர்ஸ் ஒட்டிய துண்டுகள் மாதிரி, கோஸ் என்ற மெதட் (வகையோடு சேர்ந்த ஃபங்ஷன்) உள்ளவற்றை மட்டுமே அதன் கோஸுக்கு உரிக்கத் தெரியும். எரர்எஃப் ஒட்டிய துண்டு வந்ததும் "இதுதான் மூலம்" என்று நினைத்து நின்றுவிடும். 0.9.0 பதிப்பில் இதைச் சரிசெய்து பார்த்தார்கள். பழைய நிரல் சிலவற்றின் நடத்தை அதனால் மாறியதால் 0.9.1 இல் அதை மீளப் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே அடியில் உள்ள பேக்கேஜில் நீங்கள் ராப்பை எரர்எஃப் ஆக்கினால், மேலே கோஸை வைத்து "வரிசை இல்லை" (தேடிய தரவு தரவுத்தளத்தில் இல்லை) என்ற பிழையா என்று ஒப்பிடுகிற இடம் இனி ஒருபோதும் பொருந்தாது. "அந்தப் பயணம் இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "உள்ளகக் கோளாறு" என்று வரும். கம்பைலர் வாய் திறக்காது.

மறுபக்கமாக வந்தால் கரைச்சல் இல்லை. பிகேஜி எரர்ஸின் துண்டுகளுக்கு 0.9.0 இல் இருந்து அன்ராப் இருக்கிறது. அதனால் எரர்ஸ்.இஸ்ஸும் எரர்ஸ்.ஆஸ்ஸும் பழைய துண்டு, புதுத் துண்டு இரண்டையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் லைப்ரரியை 0.9.1 க்கு ஏற்றுங்கள். பிறகு கோஸ் எல்லாவற்றையும் இஸ் அல்லது ஆஸ் ஆக்குங்கள். அதன் பின் நில் கவனத்தோடு எந்தப் பேக்கேஜில் எந்த நாள் ராப்பை மாற்றினாலும் ஒன்றும் உடையாது, பாதியில் விட்டுவிட்டு வேறு வேலைக்கும் போகலாம்.

கோஸைத் தேடும்போதே இன்னும் மூன்றைத் தேடி எடுங்கள். இரட்டைச் சமக்குறியால் பிழையை நேரே ஒப்பிடும் இடங்கள். பிழையின் வகையை நேரே உருவிப் பார்க்கும் இடங்கள். ஓஎஸ்.இஸ்நொட்எக்ஸிஸ்ட் என்று கோப்பு இல்லையா எனப் பார்க்கும் இடங்கள். மூன்றுமே ஒட்டிய துண்டுக்குள் எட்டிப் பார்க்காதவை. கடைசியில் உள்ளதற்குப் பதிலாக எரர்ஸ்.இஸ்ஸோடு எஃப்எஸ்.எரர்நொட்எக்ஸிஸ்ட் பாவியுங்கள். நீங்களே எழுதிய பிழை வகைகளில் கோஸ் என்ற மெதட் இருந்தால், அதே வேலையைச் செய்யும் அன்ராப்பையும் சேர்த்துவிடுங்கள்.

கோஸ் இருந்த இடத்தில் இஸ்ஸா, ஆஸ்ஸா?

பெயர் வைத்து அறிவித்த ஒரு குறிப்பிட்ட பிழைதானா என்று கேட்க இஸ். கோப்பு முடிந்தது, வரிசை இல்லை, நேரம் கடந்தது மாதிரியானவை இதற்குள் வரும். பிழைக்குள் இருக்கும் விவரத்தை எடுத்துப் பார்க்க ஆஸ்.

எங்கள் வேலையில் ஆஸ் பாவிக்கிற முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் 14 ஆம் இலக்க இருக்கையை அமத்தினால் எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் இரண்டாமவரைத் தடுத்து 23505 என்ற குறியீட்டைத் தரும். ஒரே மதிப்பு இரண்டு தரம் வருகிறது என்பது அதன் பொருள். கோ நிரலை போஸ்ட்கிரஸோடு இணைக்கும் பிஜிஎக்ஸ் டிரைவரின் பிழை வகையில் ஒரு மாறியை அறிவித்து, அதன் முகவரியை ஆஸ்ஸுக்குக் கொடுத்தால், சங்கிலியில் அந்த வகைப் பிழை எங்கே இருந்தாலும் எடுத்துத் தரும். குறியீடு 23505 என்றால் "இந்த இருக்கையை இப்போதுதான் இன்னொருவர் எடுத்தார், வேறொன்றைத் தெரியுங்கள்" என்று சொல்கிறோம். வேறு குறியீடு என்றால் உண்மையிலேயே கோளாறு.

ஆஸ்ஸில் பிள்ளைகள் அடிக்கடி விடுகிற பிழை: ஃபங்ஷன் பொயின்டராக (மதிப்பின் முகவரியாக) பிழையைத் திருப்பித் தரும், இவர்கள் மாறியைப் பொயின்டர் இல்லாமல் அறிவிப்பார்கள். அந்த வகை பொயின்டர் இல்லாமலும் பிழையாகச் செல்லுபடியானால் நிரல் ஓடும், ஆனால் பொருத்தம் வராது. திருப்பித் தருகிற வகையும் தேடுகிற வகையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்ஸுக்குக் கொடுத்த பொருளே தகாதது என்றால் அது பானிக் ஆகும், அதாவது நிரல் அந்த இடத்திலேயே உடையும். அதை முன்கூட்டியே கோ வெட் என்ற சோதனைக் கருவி பிடித்துவிடும்.

அண்ணா, ஸ்டாக் ட்ரேஸ் போய்விடுமே?

போகும். இந்த மாற்றத்தில் உண்மையாக இழப்பது இது ஒன்றைத்தான். மொழியின் எரர்ஸ்.நியூவும் எரர்எஃப்பும் ஸ்டாக்கைச் சேர்த்து வைக்காது. பிகேஜி எரர்ஸில் %+வி என்று அச்சிட்டால் கோப்புப் பெயரும் வரி இலக்கமுமாக ஒரு பக்கம் வரும். அது இனி இல்லை. நியூ என்ற பெயர் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால், இறக்குமதி வரியை மாற்றும்போது ஸ்டாக் சத்தமில்லாமல் போய்விடும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

நான் இதற்குப் பயந்து ஒரு வருடம் மாற்றத்தைத் தள்ளிப் போட்டேன். மாற்றிய பிறகு விளங்கியது: ஸ்டாக் இருக்கிறதுதானே என்று நாங்கள் பிழைச் செய்திகளைக் கவனமில்லாமல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். ஒரே பிழையை நாலு இடத்தில் ராப் செய்தால் நாலு ஸ்டாக் ட்ரேஸ் அச்சாகும், அதில் முக்கால்வாசி ஒரே வரிகள். ஆனால் எந்த இருக்கை, எந்தத் திகதி என்பது அதில் ஒரு வரியிலும் இராது.

இப்போது ஒவ்வொரு ஒட்டலிலும் என்ன செய்யப் போனோம், எதன் மேல் என்ற இரண்டை மட்டும் எழுதுகிறோம். லொக்கில் இப்படி வருகிறது: "டிக்கெட் வழங்க: இருக்கை 14 ஐப் பதிய: தரவுத்தளத்தில் எழுத: இணைப்பு அறுந்தது". இடமிருந்து வலமாக வாசித்தால் வந்த வழி முழுவதும் தெரிகிறது. "தோல்வி", "முடியவில்லை" என்ற சொற்களை இடையில் போடாதீர்கள். பிழை என்றாலே தோல்விதான், ஐந்து தரம் அதைச் சொன்னால் வரி நீளுமே தவிர விளக்கம் கூடாது. ஒரு பேக்கேஜுக்குள் ஒரே சொற்றொடரை இரண்டு இடத்தில் பாவிக்காமல் இருந்தால், அந்தச் சொற்றொடரை நிரலில் தேடியே வரியைப் பிடிக்கலாம்.

ஸ்டாக் வேண்டிய இடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. பானிக்கைப் பிடிக்கும் இடத்தில் டீபக்.ஸ்டாக்கை அழைத்து லொக்கில் எழுதுங்கள். மொழியோடு வருகிற லொக் எழுதும் பேக்கேஜான எஸ்லொக்கில் அட்சோர்ஸ் என்ற தெரிவை இயக்கினால் லொக் எழுதிய வரி எது என்று தெரியும். பிழைகளைச் சேகரித்துக் காட்டும் சென்ட்ரி மாதிரியான சேவைக்குப் பிழை பிறந்த இடத்தின் ஸ்டாக்கே வேண்டும் என்றால், ரன்டைம்.கோலர்ஸை வைத்து அதைச் சேமிக்கும் சின்னப் பிழை வகை ஒன்றை நீங்களே எழுதலாம். ஒரு திரைக்குள் அடங்குகிற வேலைதான். அன்ராப் எழுத மறக்காதீர்கள்.

வித்ஸ்டாக், வித்மெசேஜ் இருக்கும் இடங்கள்?

பிகேஜி எரர்ஸின் வித்ஸ்டாக் ஸ்டாக்கை மட்டும் சேர்க்கும், வித்மெசேஜ் விளக்கத்தை மட்டும். வித்ஸ்டாக்கை எடுத்துவிட்டுப் பிழையை அப்படியே திருப்புங்கள், அல்லது அந்த இடத்துக்கு உரிய ஒரு விளக்கத்தை ஒட்டுங்கள். வித்மெசேஜ் என்றால் எரர்எஃப், அதே நில் கவனத்தோடு.

நிரலை ஒழுங்குபடுத்தும் கருவியான கோஎஃப்எம்டியின் ஆர் (தேடி மாற்றும்) தெரிவால் எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் அது நில்லைப் பார்க்காது. அப்புறம், ராப்பில் விளக்கம் வெறும் எழுத்து, எரர்எஃப்பில் அது வடிவமைப்புச் சரம், அதாவது சதவீதக் குறிகள் உள்ள இடத்தில் மதிப்புகளை நிரப்பும் எழுத்து. "100% கழிவு" என்று இருந்தால் அந்தச் சதவீதக் குறியே குறியீடாக மாறிவிடும். விளக்கத்துக்குள் மதிப்புகளையும் நிரப்பும் ராப்எஃப்பில் பிழை முதலில் வரும், எரர்எஃப்பில் கடைசியில். அதை ஆர் தெரிவால் திருப்புவது சிரமம்.

நாங்கள் இப்போது செய்வது வேறு. ஒரு கோப்பை எடுத்து, இறக்குமதி வரியில் பிகேஜி எரர்ஸின் முகவரியை அழித்து மொழியின் எரர்ஸை வைக்கிறோம். பேக்கேஜின் பெயர் ஒன்றே என்பதால் நியூ, இஸ், ஆஸ் இருந்த இடங்கள் அப்படியே ஓடும். ராப், ராப்எஃப், பிகேஜி எரர்ஸின் சொந்த எரர்எஃப், கோஸ் இருந்த இடங்களைக் கம்பைலர் வரி இலக்கத்தோடு பட்டியலிட்டுத் தரும். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து மாற்றுகிறோம். ஒரு நாளைக்கு ஒரு பேக்கேஜ். கெதியாக முடிப்பதை விட, ஒவ்வொரு இடத்திலும் மேலே இருப்பவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று யோசிப்பது எங்களுக்குப் பலன் தந்தது.

எல்லா இடத்திலும் %டபிள்யூ போட வேண்டுமா?

இல்லை. %டபிள்யூ போட்டால் உள்ளே இருக்கும் பிழையை வெளியாருக்குக் காட்டுகிறீர்கள். காட்டினால் அவர்கள் அதைப் பிடித்து நிரல் எழுதுவார்கள். பிறகு அதை மாற்றும் உரிமை உங்களிடம் இல்லை.

எங்கள் பயணப் பேக்கேஜ் முன்பு "வரிசை இல்லை" என்ற எஸ்கியூஎல் (தரவுத்தள) பிழையை அப்படியே வெளியே விட்டது. திரைக்கு நிரல் எழுதியவரும் அந்தப் பிழையையே தேடினார். பிறகு பயண விவரத்தை நினைவகத்தில் வைத்து வாசிக்கத் தொடங்கினோம். அங்கே எஸ்கியூஎல்லே இல்லை, ஆனால் இருப்பது போலப் பொய்க்கு அந்தப் பிழையைச் செய்து அனுப்ப வேண்டி வந்தது. இப்போது பேக்கேஜின் வாசலில் "பயணம் இல்லை" என்று எங்கள் சொந்தப் பிழையை அறிவித்து அதற்கு %டபிள்யூ போடுகிறோம். உள்ளே இருந்த எஸ்கியூஎல் பிழைக்கு %வி, அது பிழையை வெறும் எழுத்தாக மட்டும் சேர்க்கும் குறி. அது லொக்கில் வாசிக்கக் கிடைக்கும், பிடித்துத் தொங்கக் கிடைக்காது. ஒரே பேக்கேஜுக்குள் இந்தக் கவலை வேண்டாம், தாராளமாக %டபிள்யூ போடுங்கள்.

எரர்ஸ்.ஜொயினை எங்கே பாவிப்பது?

ஒன்று தவறினாலும் மற்றவற்றைத் தொடர வேண்டிய இடத்தில். 40 பயணிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறோம், மூன்று போகவில்லை என்றால் அந்த மூன்றையும் ஜொயினால் கட்டித் திருப்புகிறோம். நில்களை அது தானே விட்டுவிடும், எல்லாமே நில் என்றால் நில்லையே தரும். கோப்பை மூடும்போது வருகிற பிழையை முதல் பிழையோடு சேர்க்கவும் நல்லது. செய்திகள் ஒவ்வொன்றும் புது வரியில் வரும் என்பதை லொக் வாசிப்பவர்கள் கவனியுங்கள். எரர்ஸ்.அன்ராப் ஜொயினை உரிக்காது, நில்தான் தரும். இஸ், ஆஸ் இரண்டும் எல்லாக் கிளைக்குள்ளும் போகும்.

பிழைச் செய்தியைத் தமிழில் எழுதலாமா?

கோவின் சரங்கள் யூடிஎஃப்-8 என்பதால் தாராளமாக எழுதலாம். எங்கள் லொக் தமிழில்தான் இருக்கிறது. இரவில் ஒன்று உடைந்தால் அரை நித்திரையில் வாசிப்பவருக்கு அது பெரிய உதவி.

ஆனால் லொக்கில் உள்ள செய்தியைப் பயணிக்குக் காட்டாதீர்கள். எங்கள் பஸ்ஸில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம் மக்களும் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களும் ஏறுகிறார்கள், திரை மூன்று மொழியிலும் பேச வேண்டும். பிழை வகைக்குள் "இருக்கை போய்விட்டது" என்பதற்கு ஒரு குறியீட்டை வைத்து, வாசலில் ஆஸ் மூலம் அதை எடுத்து, பயணியின் மொழியில் வாக்கியத்தைத் தெரிகிறோம். குறுஞ்செய்தி என்றால் இன்னும் சுருக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழிலும் சிங்களத்திலும் யூனிகோட் என்பதால் 70 தான், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். பிழைச் சங்கிலியை அப்படியே அனுப்பினால் ஒரு செய்திக்கு நாலு செய்தியின் காசு போகும். பிழையின் எழுத்தை வெட்டிப் பார்த்து முடிவெடுக்கிற நிரல் எங்கேயாவது இருந்தால், மாற்றத்தின்போது முதலில் அதைப் பிடுங்குங்கள். செய்தியின் ஒரு சொல்லை மாற்றினாலே அது உடைந்துவிடும்.

இன்னொரு லைப்ரரிக்கு மாறினால் சுலபம் இல்லையா?

ஸ்டாக் ட்ரேஸ் கட்டாயம் வேண்டிய பெரிய திட்டம் என்றால் கொக்ரோச்டிபி குழுவின் எரர்ஸ் லைப்ரரி இருக்கிறது, ராப்பும் கோஸும் அதே பெயரில் கிடைக்கும். எங்கள் அளவு வேலைக்கு மொழியில் உள்ளதே காணும். கோ குழுவின் எக்ஸ்எரர்ஸ் லைப்ரரிக்குப் போகாதீர்கள், அது 1.13 இன் வசதிகளுக்கு முன்னோட்டமாக வந்தது.

கோ மொழியில் பிழை பார்க்கும் எழுத்துமுறையே மாறப் போகிறதா? காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். 2018 இல் செக், ஹாண்டில் என்று ஒரு வரைவு வந்தது. 2019 இல் ட்ரை என்று ஒன்று வந்தது, அதையும் கைவிட்டார்கள். பிழைக்கென்று புது எழுத்துமுறை தேடுவதை நிறுத்திக்கொள்கிறோம் என்று 2025 ஜூனில் கோ குழுவே எழுதிவிட்டது.

எல்லாம் மாற்றியாயிற்று. ஆனால் கோ.மொட்டில் (பாவிக்கும் லைப்ரரிகளின் பட்டியல் கோப்பில்) பிகேஜி எரர்ஸ் இன்னும் நிற்கிறதே?

அந்தப் பட்டியலைச் சுத்தம் செய்யும் கோ மொட் டைடி ஓட்டிய பிறகும் பக்கத்தில் "இன்டிரெக்ட்" என்ற குறிப்போடு நின்றால், நீங்கள் பாவிக்கும் வேறொரு லைப்ரரி அதைக் கேட்கிறது. கோ மொட் வை என்ற கட்டளை யார் என்று காட்டும். அது உங்கள் கையில் இல்லை, விட்டுவிடுங்கள். உங்கள் நிரலுக்குள் அது திரும்ப வராமல் இருக்க, நிரலைச் சோதிக்கும் கருவியான கோலாங்சிஐ லின்டில் டெப்கார்ட் என்ற சோதனையில் அதன் முகவரியைத் தடைசெய்து வையுங்கள். எரர்லின்ட் என்ற சோதனையையும் இயக்குங்கள். யாராவது இரட்டைச் சமக்குறியால் பிழையை ஒப்பிட்டால், நிரல் சேர்வதற்கு முதலே அது நிறுத்திவிடும்.